படுக்கிறவன் அளவு

பொட்டிக்காரர் யாரையும் "வாங்க" என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "வா" என்பார். அதையும் தலையைத் தூக்காமல்தான் சொல்வார். எங்கள் நாமக்கல் பக்கத்தில் இடுப்புக் குழந்தையைக்கூட "வாங்க சாமி" என்று கூப்பிட்டுப் பழகியவர்கள் நாங்கள். ஏழெட்டு லாரி வைத்திருக்கும் முதலாளி ஒருவர் காரை நிறுத்திவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வருவார். மரத்தூளுக்கு நடுவிலிருந்து "வாப்பா, என்னா வேணும்" என்று குரல் வரும். முதலாளியின் முகம் அங்கேயே சுருங்கிப் போகும். பொட்டிக்காரர் சேலத்துக்கு அந்தப்புறம் அயோத்தியாப்பட்டணம் பக்கத்து ஆள், அங்கே அப்படிப் பேசுவது மரியாதைக் குறைவில்லை என்பது எனக்கே மூன்று தடவை போய்வந்த பிறகுதான் புரிந்தது.

அவர் மனைவி புதுச்சத்திரத்துக்காரர். அதனால்தான் அவர் இந்தப் பக்கம் வந்து கடை போட்டிருந்தார். அவர் சொல்லாமல் விட்ட "ங்க"வை எல்லாம் அந்தம்மா உள்ளிருந்து வந்து சொல்லி ஈடு கட்டும். "வாங்க சாமி, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா" என்று கேட்டுவிட்டு அவரை ஒரு பார்வை பார்க்கும். அவர் ரம்பத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

லாரி கேபினுக்குள் பாட்டு அதிர்ந்து கேட்பதற்கு ஊஃபர் ஸ்பீக்கர் வைப்பார்கள். அந்த ஸ்பீக்கர் உட்கார ஒரு மரப்பெட்டி வேண்டும். அந்தப் பெட்டியைச் செய்வதுதான் அவர் தொழில். அவருக்குப் பெயர் இருந்தது, ஆனால் லாரி லைனில் யாரும் அதைச் சொன்னதில்லை. பொட்டிக்காரர் என்றால்தான் தெரியும். ஒல்லியான ஆள். பலகைத் தூசு பட்டுப் பட்டுக் கண் எப்போதும் சிவந்திருக்கும். சட்டைப் பையில் சாக்பீஸ் துண்டு போட்டு வைத்துப் பையே வெளுத்துப் போயிருக்கும். புதுச்சத்திரம் தாண்டி, கேபின் கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால், தகரம் போட்ட ஒரு ஷெட். இப்போது அங்கே பழைய டயர் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவர் மகள் வீட்டுக்கே போய்த் தங்கிவிட்டதாகச் சொன்னார்கள். அந்த ரோட்டில் போகும்போது நான் இன்னும் அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை, கால் தானாகக் குறைக்கிறது.

போகிறவர்கள் எல்லாம் போனில் ஏதாவது படத்தைக் காட்டுவார்கள். நீல விளக்கு வைத்த பெட்டி, ரெண்டு ஸ்பீக்கர் வைத்த பெட்டி, கண்ணாடி வைத்த பெட்டி. அவர் படத்தைப் பார்க்கமாட்டார். எத்தனை இஞ்ச் ஸ்பீக்கர் என்று கேட்கமாட்டார். அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்.

"வண்டில தூங்குறது யாரு?"

ஏழெட்டு லாரி முதலாளி என்று சொன்னேனே, அவரிடமும் இதைத்தான் கேட்டார். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க, பொட்டி செய்யச் சொன்னா தூங்கறதப் பத்திக் கேக்கறீங்க? டிரைவருங்கதான் தூங்குவாங்க, வேற ஆரு தூங்குவா?"

"அப்ப டிரைவரக் கூட்டிட்டு வா."

"அவன் எதுக்குங்க? வாங்கறது நானு."

"வாங்குறது நீ. படுக்குறது அவன். அவன் வந்து பலகையில படுக்கட்டும். நான் சாக்பீஸால ஒரு கோடு போட்டுக்கறேன். அவன் படுத்தது போக மிச்சம் எங்க எடம் இருக்குதோ அங்கதான் பொட்டி."

முதலாளி சிரித்தார். பிறகு இவர் விளையாடவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. மடித்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு காருக்குப் போய்விட்டார். பொட்டிக்காரர் தன் பாட்டுக்கு ஒரு பலகையை எடுத்து உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார்.

இது வீம்பு என்றுதான் நான் முதலில் நினைத்தேன். தொழிலில் கொஞ்சம் பெயர் வந்துவிட்டால் சிலருக்கு இப்படி ஒரு கிறுக்கு வரும். ஆனால் வீம்புக்காரன் தன் சரக்கைத்தான் உசத்திப் பேசுவான். இவர் பாதிப் பேரைத் தன் கடையிலிருந்தே துரத்திக்கொண்டிருந்தார். ஒரு நாள் பால் வண்டிக்காரர் ஒருவர் வந்தார். சின்ன வண்டி. காலையில் பால் எடுத்துக்கொண்டு போய்விட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறவர். நல்லதாக ஒரு பெட்டி செய்து கொடுக்கச் சொல்லி ஆசையாக நின்றார். இவர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

"உனக்கு எதுக்குப்பா செஞ்ச பொட்டி? ரெடிமேட் வாங்கிக்கோ. அதுல என்னா கொறை, அளவாத்தான் செஞ்சிருக்கான். நாளைக்கு நீ வண்டிய மாத்துனா நாலு ஸ்குரூவக் கழட்டி அடுத்த வண்டில வெச்சுக்கலாம். நான் செய்யறது இந்த வண்டிக்கு மட்டும்தான் ஒக்காரும். வேற வண்டில வெச்சா கோணிக்கிட்டு நிக்கும். நீ ஒருத்தன், வீட்டுல போய்ப் படுக்கிறவன். ஒருத்தனுக்கு ரெடிமேடே போதும்."

பால்காரர் பெண் கேட்டுப் போய் இல்லையென்று திரும்பி வந்தவரைப் போலப் போனார். அந்தம்மா என்னிடம் சொல்லிச் சலித்துக்கொண்டது.

"பாருங்க சாமி, வாறவங்கள எல்லாம் இப்புடி அனுப்பிச்சு உட்டுட்டு மத்தியானம் நல்லா கொறட்டை உட்டுத் தூங்கறாருங்க. எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேங்குது."

தூங்குவது உண்மைதான். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வேலை செய்யும் மேசைக்கு அடியில் ஒரு பலகையைப் போட்டுப் படுத்தால் ரெண்டு மணிவரை யார் வந்தாலும் எழுந்திருக்கமாட்டார். போலீஸ் ஜீப் வந்து நின்று ஹாரன் அடித்தபோதும் எழவில்லை என்று பக்கத்துப் பட்டறையில் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ஒரு மணி நேரம் அவருக்குச் சாமி கும்பிடுகிற நேரம் மாதிரி.

வேலையில் அவர் செய்யும் இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். அவர் செய்யும் பெட்டி நேராக இருக்காது. ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் வெட்டு, டூல்ஸ் பெட்டிக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவில் நுழைகிற மாதிரி ஒரு மூக்கு. ஆனால் உள்ளே காற்றுக்கு இவ்வளவு இடம் என்று ஸ்பீக்கருக்கு ஒரு கணக்கு உண்டு. குறைந்தால் பாட்டு தகரத்தைத் தட்டுகிற மாதிரி கேட்கும். நேர்ப்பெட்டி என்றால் நீள அகலம் பார்த்துச் சொல்லிவிடலாம், கோணல் பெட்டிக்கு எப்படிச் சொல்வது? அவர் கோழித் தீவன மில்லிலிருந்து ஒரு மூட்டை மக்காச்சோளம் வாங்கி வைத்திருந்தார். பெட்டிக்குள் சோளத்தைக் கொட்டி நிரப்பி, திரும்ப வெளியே எடுத்துப் படியால் அளப்பார். இத்தனை படி வந்தால் பத்து இஞ்ச் ஸ்பீக்கர், இத்தனை வந்தால் பன்னிரண்டு. எந்தக் காலேஜில் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அளக்கத் தெரியாதவனுக்குத்தான் காலேஜ் என்றார். அந்தச் சோளத்தை மட்டும் கோழிகூடத் தின்ன முடியாது, அவ்வளவு மரத்தூள்.

பெட்டி முடிந்ததும் எல்லாரும் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று தலையாட்டுவார்கள். அவர் பாட்டைப் போடச் சொல்லிவிட்டுப் படுக்கைப் பலகையில் ஏறிப் படுத்துக்கொள்வார். கண்ணை மூடி உள்ளங்கையைப் பலகையில் வைத்திருப்பார். பலகை நடுங்கினால் இறங்கி வந்து பெட்டிக்கு அடியில் பழைய டியூப் ரப்பரை வெட்டிச் சொருகுவார். மறுபடி ஏறிப் படுப்பார். முதுகுக்குப் பாட்டு தெரியக்கூடாது என்பது அவர் கட்சி.

ஏன் இப்படி என்று ஒரு தடவை கேட்டேன். பெரிய கதை ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன், விபத்து, சாவு என்று. அப்படி ஒன்றும் இல்லை. முன்பு கேபின் கட்டும் பட்டறை ஒன்றில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தாராம். எல்லா வண்டிக்கும் படுக்கைப் பலகை ஒரே அளவு. முதலாளி சொன்ன அளவு.

"பன்னெண்டு வருசத்துல ஒருத்தன்கூட வந்து பலகை பத்தலன்னு சொன்னதில்லப்பா. நான் நல்லாத்தான் செய்யறேன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். அப்பறந்தான் தெரிஞ்சது, அதுல படுக்கிறவன் எவனும் பட்டறைக்கு வர்றதே இல்ல."

இதைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசுக்குத்தான் துடைத்தார். நான் அவரிடம் போனதே அப்படி ஒரு காரியத்தைச் செய்துவிட்டுத்தான்.

நானும் என் மனைவியின் அண்ணனும் சேர்ந்து ஒரு லாரி எடுத்திருந்தோம். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போவோம், வெங்காயம் ஏற்றிக்கொண்டு திரும்புவோம். ஒருவர் ஓட்டும்போது ஒருவர் சீட்டுக்குப் பின்னால் உள்ள படுக்கைப் பலகையில் தூங்குவோம். மச்சான் நல்ல உயரம். நான் குட்டை. என் கல்யாணத்தில் அவர் எனக்கு மாலை போடக் குனிந்தது இன்றுவரைக்கும் எங்கள் சொந்தத்தில் பேச்சு. விடிகாலை முறை எப்போதும் அவருடையது. அந்த நேரத்தில் கண் சொருகுகிறது, நல்ல பாட்டு இருந்தால் ஓட்டிவிடலாம் என்றார். ஊஃபர் வைக்கலாம் என்று முடிவு செய்தோம்.

"புதுச்சத்திரத்துல ஒருத்தரு வண்டிக்குத் தக்கன செஞ்சு குடுக்கறாராமுங்க மாப்ள. அங்கயே பாக்கலாமுங்களா?" என்று மச்சான் கேட்டார்.

செய்வதற்கு மூன்று நாள் ஆகும் என்று விசாரித்ததில் தெரிந்தது. சரக்கு தயாராக இருந்தது, எனக்குப் பொறுமை இல்லை. சேலத்தில் ஒரு கடையில் ரெடிமேட் பெட்டியை வாங்கினேன். வேறு எங்கும் இடமில்லாததால் படுக்கைப் பலகையில் கால்மாட்டில் வைத்து முடுக்கினேன். ஏறிப் படுத்துப் பார்த்தேன். கால் இடிக்கவில்லை. சரி என்று இறங்கிவிட்டேன். மச்சானைப் படுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எட்டு மாதம் ஓடியது. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டின் சத்தத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனார். ஒரு நாள் சோலாப்பூர் தாண்டி, வெயில் வந்துவிட்ட நேரம், நான் பின்னால் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். வண்டி குலுங்கி, பலகையிலிருந்து உருண்டு சீட்டின் மேல் விழுந்துதான் விழித்தேன். வண்டி ரோட்டை விட்டு இறங்கி ஒரு மண்மேட்டில் மூக்கை வைத்து நின்றிருந்தது. எங்களுக்கு அடியில்லை. வண்டிக்கும் பெரிய சேதமில்லை. மச்சான் ஸ்டீயரிங்கை விடாமல் பக்கத்துக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ரோட்டோரத்தில் ஒரு பெண் தலையிலிருந்த புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள். வண்டி இறங்கிய தடம் அவள் காலுக்கு ரெண்டடி தள்ளிப் போயிருந்தது.

அங்கிருந்து ஊர் திரும்பும்வரை முழு நடையையும் நானே ஓட்டினேன். மச்சான் இடது பக்கம் உட்கார்ந்தே வந்தார், பின்னால் போய்ப் படுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தன் போர்வையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த வாரம் ஒரு தீவன மில்லில் மூட்டை எண்ணும் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. என் மனைவிதான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"எங்கண்ணன் காலு நீட்டிப் படுத்து எட்டு மாசமாச்சாமுங்க. முட்டிய மடக்கியே தூங்கித் தூங்கித் தூக்கமே போச்சாமுங்க. நீங்க அத ஒருக்காக்கூடப் பாக்கலீங்களா?"

பார்க்கவில்லை. அவர் தூங்கும்போதெல்லாம் நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனாலும் அவள் எழுந்து போய்விட்டாள்.

வேறு டிரைவர் தேடினேன். இப்போதெல்லாம் ஆள் எங்கே கிடைக்கிறது? கிடைத்த ரெண்டு பேரும் ஒரு நடைக்குமேல் நிற்கவில்லை. மச்சான் திரும்பி வர வேண்டும். வண்டிக்காகவும்தான், அவளுக்காகவும்தான். அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு அவர் அளவுக்கு ஒன்று செய்து வைத்துக் கூப்பிட்டால் வந்துவிடுவார் என்று நம்பினேன். அப்படித்தான் பொட்டிக்காரர் ஷெட்டில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"தூங்குறது யாரு?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் ரெடிமேட் பெட்டியைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார்.

"கூட்டிட்டு வா. படுக்கட்டும்."

"அவரு கோவமா இருக்காருங்கண்ணா. அளவு எனக்குத் தெரியுமுங்க, ஆறடி ஒரு இஞ்ச்."

"நிக்கிற அளவு எனக்கு எதுக்கு? படுக்கிற அளவு வேணும். சில பேரு படுத்தா நீளுவான், சில பேரு சுருளுவான். கூட்டிட்டு வா."

மச்சானிடம் போய் நிற்க எனக்கு முகமில்லை. அதனால் ஒரு கோணல் வேலை செய்தேன். எங்கள் ஊரில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் மச்சான் உயரம்தான். அவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போய், இவர்தான் மச்சான் என்றேன். அவரும் வண்டியில் ஏறிப் பலகையில் படுத்தார். பொட்டிக்காரர் சாக்பீஸை எடுத்தார். வண்டியின் படிக்கட்டில் கால் வைத்தவர் அப்படியே கீழே பார்த்தார்.

"இவன் லாரியில தூங்குனவனே இல்லையே."

"ஏனுங்க அப்புடிச் சொல்றீங்க?"

"செருப்பப் பாரு."

பஞ்சர் கடைக்காரர் வீட்டுக்குள் போகிறவர்போலச் செருப்பை மண்ணில் ஒழுங்காக விட்டுவிட்டு ஏறியிருந்தார். லாரியில் தூங்குகிறவன் எவனும் அப்படி விடமாட்டான். கண்ணை மூடித் திறப்பதற்குள் வண்டி வேறு ஜில்லாவில் இருக்கும், செருப்பு இங்கே கிடக்கும். கையில் எடுத்துக்கொண்டு ஏறித்தான் பழக்கம். இருபது வருடம் லாரி ஓட்டிய எனக்கு அதைச் சொல்லிக் கூட்டி வரத் தெரியவில்லை. பொட்டிக்காரர் திட்டவில்லை. சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டு, "ஆளக் கூட்டிட்டு வாப்பா, எனக்கு வேலை கெடக்குது" என்றார். அந்தம்மா பஞ்சர் கடைக்காரருக்கு மோர் கொடுத்து அனுப்பியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தீவன மில்லுக்கே போய் மச்சான் முன்னால் நின்றேன். "வண்டிக்கு வர வேண்டாமுங்க மச்சான். ஒரு அரை மணி நேரம் வந்து படுத்துட்டு மட்டும் போங்க" என்றேன். இப்படி ஒரு அழைப்பை எவனும் எவனுக்கும் வைத்திருக்கமாட்டான். மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததால் வந்தார்.

பதினொன்றரை மணி இருக்கும். மச்சான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார். பொட்டிக்காரர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மெத்தையை எடுத்துவிட்டு வெறும் பலகையில் படுக்கச் சொன்னார்.

"நேராப் படு. கைய எப்பவும் எங்க வெச்சுக்குவ? அங்க வை. காலு நல்லா நீட்டு. நீட்டுப்பா, அந்தப் பொட்டிய எடுத்தாச்சு. இப்ப ஒருக்களிச்சுப் படு."

தலையிலிருந்து கோடு போட ஆரம்பித்தார். தோள், முழங்கை, இடுப்பு. முழங்காலுக்குச் சாக்பீஸ் வந்தபோது மச்சானிடமிருந்து குறட்டை வந்தது. பொட்டிக்காரர் கை நின்றது. பிறகு மெதுவாக, சத்தமே வராமல், பாதம் வரைக்கும் கோட்டை முடித்தார். கால்மாட்டில் நாலு விரல் கூட விட்டுக் கோட்டைச் சேர்த்தார். தன் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"தூங்கிட்டான்" என்றார் என்னிடம், ஏதோ தான் செய்து முடித்த வேலைபோல.

ஷெட்டுக்குள் போய் ரம்பத்தின் சுவிட்சை அணைத்தார். பக்கத்துப் பட்டறையில் தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். போய், "ஒரு ஆளு தூங்குறான்பா" என்றார். அவர்கள் சிரித்தார்கள், ஆனால் நிறுத்தினார்கள். ஒரு மணி ஆயிற்று. அந்தம்மா சாப்பிடக் கூப்பிட்டது. தட்டை வாங்கிவந்து வண்டியின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார். மேசைக்கு அடியில் அவர் பலகை அப்படியே கிடந்தது. அன்றைக்கு அவர் படுக்கவில்லை. ரெண்டு மணிக்குமேல் யாரோ வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரனில் கை வைத்தார்கள். இவர் எழுந்து ஓடினார்.

"அடிக்காதீங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. உள்ள ஒருத்தர் தூங்குறாருங்க."

அவர் வாயில் "ங்க" வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வாசலில் நின்ற அந்தம்மாவும் கேட்டது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனது.

ஐந்து மணிக்கு மச்சான் விழித்தார். எழுந்து உட்கார்ந்து தன் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மணி என்னங்க மாப்ள?"

"அஞ்சுங்க மச்சான்."

பலகையில் இருந்த கோட்டைக் காட்டினேன். இதற்கு வெளியேதான் பெட்டி வரும், இதற்குள் ஒரு ஆணிகூட வராது என்றேன். அவர் கோட்டின்மேல் விரலை வைத்துக் கால்மாடு வரைக்கும் போனார்.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். பிறகு, "ஆனா நான் வண்டிக்கு வரலீங்க மாப்ள."

கோட்டிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார்.

"இப்பக் கண்ண முழிச்சதும் மொதல்ல என்ன செஞ்சேன்னு தெரியுங்களா? கால்ல பிரேக்கத் தேடுனனுங்க. அந்தப் புல்லுக்கட்டுக்காரி தெரியறா. தூங்குனாலும் தெரியறா, முழிச்சாலும் தெரியறா. பொட்டிய எங்க மாத்தி வெச்சாலும் அவ அங்கயேதானுங்க உக்காந்திருக்கா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே மச்சான், காலு முட்டுதுன்னு."

"பாட்டு வேணும்னு கேட்டவன் நானுங்க. அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அதச் சொல்றது?" பிறகு, "நீங்களும் கேக்கலீங்க" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

கையில் செருப்போடு இறங்கி, தரையில் போட்டுக் காலை நுழைத்துக்கொண்டார். அந்தம்மா கொடுத்த டீயைக் குடித்தார். வீட்டுக்கு வாங்க என்றேன். தங்கச்சியைப் பார்க்கத் தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரோட்டுக்குப் போய் பஸ் ஏறினார். வீட்டுக்கு வருவதாகச் சொன்னாரே, அதையாவது என் மனைவியிடம் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. தூங்கியவர் அவர், ஆனால் நாலு நாள் விடாமல் ஓட்டியவன் மாதிரி நான் நின்றேன்.

"பரவால்லீங்கண்ணா. நீங்க பொட்டியச் செய்யுங்க" என்றேன்.

பொட்டிக்காரர் சாக்பீஸை எடுக்கவில்லை.

"தூங்குறது யாரு?"

"நானுங்க."

"கூட யாரு?"

"ஆரும் இல்லீங்க. நா மட்டுந்தான்."

என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். அதற்கு டேப் தேவைப்படவில்லை.

"அப்ப நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்லப்பா. ஒருத்தனுக்கு ரெடிமேடே போதும்."

சுவரோரம் இருந்த பெட்டியை அவரே தூக்கி வந்தார். கால்மாட்டில் பழைய இடத்திலேயே வைத்து, அடியில் டியூப் ரப்பரை வெட்டிச் சொருகி, நாலு ஸ்குரூவையும் முடுக்கினார். மச்சானின் கோடு கெண்டைக்கால் வரைக்கும் வந்து பெட்டிக்கு அடியில் போய் மறைந்தது. அழிக்கட்டுமா என்று ஈரத்துணியைக் காட்டினார். இருக்கட்டும் என்றேன். பிறகு எல்லாரிடமும் சொல்வதுபோல என்னிடமும் சொன்னார்.

"ஏறிப் படு."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். படுத்துக் காலை நீட்டினேன்.

"இடிக்குதா?"

"இல்லீங்க" என்றேன். எங்கும் இடிக்கவில்லை. முதல் நாளும் எனக்கு இடிக்கவில்லை.